செஞ்சி மதிலும் நமது கடமையும்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"தம்பி, நீர் இந்தியாவுக்குப் போய் வந்தீர் அல்லவா? அதைப்பற்றி ஏதாவது பேசும்" என்று நமது செயலாளர் அவர்கள் பணித்தார்கள். யாத்திரைத் தலங்களைப் பற்றிப் பேசுவதற்கு என்னிலும் பன்மடங்கு தகுதி வாய்ந்த அடியார்கள் இச்சபையிலே அமர்ந்திருக்கின்றார்கள். ஆதலின் யான் கோயிலை விட்டு ஒரு மதிலைப் பற்றிப் பேச எண்ணுகின்றேன். தமிழ்நாட்டிலே, விழுப்புரம் மாவட்டத்திலே, செஞ்சி என்னும் ஊரிலே மூன்று மலைகளை இணைத்து நிற்கும் பழைய கோட்டை மதிலே அது. அம்மதிலிலே எவரும் பழுதுபார்க்காது விட்ட, செங்குத்தான ஒரு பகுதியில் ஏறி இறங்கும் வாய்ப்பு எனக்குச் சென்ற ஆண்டு கிடைத்தது. அந்த ஏற்றத்தைப் பற்றியும், அதனால் என் மனத்திலே எழுந்த ஒரு கருத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

அக்கருத்து யாதெனில், முன்னோர் விட்டுச் சென்றதைக் கவனியாது கைவிடுதலும், அதை இடித்துத் தள்ளிப் புதிதாகக் கட்டுதலும் அழிவிற்குச் செல்லும் இரண்டு வழிகள் என்பதே. இவ்விரண்டிற்கும் நடுவே பேணுதல் என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் உழைக்கும் கைகளே வேண்டும். அந்தக் கைகள் இம்மன்றத்திலே இருக்கின்றன என்று நம்பியே இதைப் பேசத் துணிந்தேன்.

அன்பர்களே, மதில் என்பது படுவான்கரையிலே பிறந்த நமக்குப் புதிய பொருளன்று. வலையிறவுப் பாலத்தைக் கடந்து பட்டினத்துக்குச் செல்லும் நாம் அனைவரும் மட்டக்களப்புக் கோட்டையைக் கண்டிருக்கின்றோம். 1628ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கட்டி, 1638ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. நான்கு மூலையிலும் நான்கு கொத்தளங்கள். இரண்டு பக்கம் வாவி. மற்ற இரண்டு பக்கம் அகழி. நெடுங்காலம் கச்சேரியாக இருந்தமையால், நம்மிற் பலர் காணி அலுவலாகவோ வேறு அலுவலாகவோ அதன் வாயிலுக்குள் நுழைந்திருப்போம். ஆயினும் அது சமதரையிலே கட்டப்பட்ட சிறிய கோட்டை. அதைக் கண்ட கண்ணுடன் செஞ்சிக்குச் செல்பவன் திகைத்து நிற்பான்.

யான் கல்வி பயின்றது ஒரு மிஷன் பாடசாலையிலே. எக்காளத் தொனி கேட்டு எரிகோ நகரத்து மதில் விழுந்த கதையை அங்கே வேதாகம வகுப்பிலே கேட்டேன். பத்தாண்டு முற்றுகைக்கு அசையாத துரோய் நகரம் ஒரு மரக்குதிரையினால் விழுந்த கதையை ஆங்கில வகுப்பிலே கேட்டேன். செஞ்சிக் கோட்டையை ஆங்கிலேயர் 'கிழக்கின் துரோய்' என்று அழைத்தனர் என்பதைப் பின்னர் ஒரு நூலிலே வாசித்தபோது, அதை ஒருமுறை நேரிலே பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரமே. எங்கள் குடும்பத்தார் சென்ற ஆண்டு திருவண்ணாமலை யாத்திரை சென்றபோது, மாமாவிடம் அனுமதி பெற்றுக்கொண்டு யானும் என் மச்சான் ஒருவனும் பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போனோம்.

செஞ்சியிலே இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள் முக்கோணம்போல் நிற்கின்றன. மூன்றையும் ஒன்றாக இணைத்து ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளத்துக்கு மதில் ஓடுகின்றது. அம்மதில் வளைத்துள்ள நிலம் 11 சதுரக் கிலோமீற்றர் என்று கணக்கிட்டுள்ளார்கள். கீழே தரையில் ஓடும் மதில் சில இடங்களிலே 60 அடிக்கு மேற்பட்ட தடிப்புடையது. அதற்கு வெளியே 80 அடி அகலமான அகழி. இராசகிரியின் உச்சியோ தரையிலிருந்து 800 அடி உயரம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருந்தெரு இன்று இக்கோட்டையின் நடுவே புகுந்து செல்கின்றது. பஸ்ஸிலே இருந்தபடியே இரு பக்கமும் மலைமீது ஏறிச் செல்லும் மதிலைக் காணலாம்.

இக்கோட்டையைத் தொடக்கத்திலே கட்டியவர்கள் கோனார் குலத்துத் தலைவர்கள் என்பது மரபு. ஆனந்தக் கோன் என்பவர் ஏறக்குறைய 1200ஆம் ஆண்டளவிலே முதல் அரணை எழுப்பினார் என்று பழைய கையெழுத்துச் சுவடிகள் கூறுகின்றன. பின்னர் விசயநகரப் பேரரசின் கீழிருந்த செஞ்சி நாயக்கர் காலத்திலே கோட்டை பெருவளர்ச்சி பெற்றது. 1597ஆம் ஆண்டிலே இங்கு வந்த பிமெந்தா என்னும் யேசு சபைப் பாதிரியார் இந்நகரின் பெருமையை வியந்து எழுதியுள்ளார். இவ்வரலாற்றை முழுமையாக ஆராய்ந்து எழுதியவர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் அவர்கள். அவர்களது நூலை 1943ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நம் மண்ணின் மைந்தர் விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்த அதே பல்கலைக்கழகம் என்பதை நினைக்கும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றதல்லவா?

வள்ளுவப் பெருந்தகை அரணுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகிய நான்கும் அரணாகும் என்றும், மதிலென்றால் ஓங்கியும் அகன்றும் உறுதியாகவும் பகைவர் கிட்டமுடியாததாகவும் இருத்தல் வேண்டும் என்றும் அங்கே சொல்லுகின்றார். செஞ்சியைக் கண்டவர் இவற்றுள் ஒன்றேனும் குறைவு என்று சொல்லமாட்டார். ஆனால் அவ்வதிகாரத்தின் கடைசிக் குறளிலே அவர் ஓர் எச்சரிக்கை விடுக்கின்றார். எத்தனை மாண்புடைய அரணாயினும், உள்ளே இருப்போர் செயல்திறம் அற்றவராயின் அது அரணே ஆகாது என்பது அதன் கருத்து. இதை மனத்திலே வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

முதல்நாள் நாங்கள் இராசகிரியில் ஏறினோம். அங்கே செம்மையான கற்படிகள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக வாயில்கள் பல உண்டு. உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து, ஏறக்குறைய 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய ஒரு பள்ளம் இருக்கின்றது. அதைக் கடப்பதற்குச் சிறு பாலம் ஒன்றே வழி. பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சேனை வந்தாலும் அப்பால் நின்று பார்க்கவேண்டியதுதான். உச்சியிலே அரங்கநாதர் கோயிலும், களஞ்சியமும், பழைய பீரங்கி ஒன்றும் உள்ளன. 1921ஆம் ஆண்டிலிருந்து இக்கோட்டை தேசிய நினைவுச் சின்னமாகத் தொல்பொருள் துறையினரின் காவலில் இருந்து வருகின்றது. இராசகிரிக்கு வருவோர் தொகையும் அதிகம், கவனிப்பும் அதிகம்.

மறுநாள் அதிகாலையிலே, வெயில் ஏறுமுன், தெற்கே நிற்கும் சந்திரகிரிப் பக்கம் போனோம். அங்கே படியும் இல்லை. வழிகாட்டும் பலகையும் இல்லை. முட்புதரின் நடுவே மதில் மட்டும் மலையை நோக்கி ஏறிச் செல்கின்றது. அடிவாரத்திலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். இலங்கை என்றதும் அவருக்கு எங்கள்மேல் ஒரு பரிவு பிறந்தது. தாமே ஒரு பகுதி தூரம் வழிகாட்டுவதாகச் சொல்லி, கோலை ஊன்றிக்கொண்டு முன்னே நடந்தார். பாடசாலைச் சாரணர் படையிலே பழகியவன் ஆகையால், தண்ணீர்ப் போத்தலும் வாழைப்பழமும் ஒரு கயிறும் யான் கொண்டு போயிருந்தேன். வயது முதிர்ந்த அம்மனிதருக்கோ கோலைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை!

நமது வயல் வரம்பிலே நடப்பதுபோல மதிலின்மேல் நடந்து போகலாம் என்றுதான் என் மச்சான் எண்ணியிருந்தான். முதல் நூறு முழத்துக்கு அப்படித்தான் இருந்தது. அதன்பின் மலை எழும்ப, மதிலும் அதனுடன் எழும்பியது. மலைச்சரிவைச் சுற்றி வளைந்து செல்லாமல் நேரே மேல்நோக்கி ஏறுகின்றது அம்மதில். சில இடங்களிலே ஓட்டுக் கூரையில் ஏறுவதுபோல் இரு கைகளையும் ஊன்றி ஏறவேண்டியதாயிற்று. கற்கள் பெயர்ந்து, மதிலின் முதுகு உடைந்த படிக்கட்டுப்போல் காட்சியளித்தது. ஒரு காலை நன்றாக ஊன்றிப் பார்த்து, கல் அசையவில்லை என்று தெரிந்த பின்பே மற்றக் காலை எடுத்தோம்.

அங்கேதான் கட்டியவர்களின் அறிவு எனக்குப் புலப்பட்டது. அம்மலை முழுவதும் வீடளவு பெரிய கருங்கற் பாறைகள் ஒன்றன்மேலொன்று குவிந்து கிடக்கின்றன. பாறை நிற்கும் இடத்திலே கட்டியவர்கள் மதில் எழுப்பவில்லை. ஒரு பாறையின் தோளிலே மதிலை முட்டவைத்து நிறுத்தி, அப்பாறையின் மறுபக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கின்றார்கள். மலை விட்ட இடைவெளியை மதில் அடைக்கின்றது. மதில் விட்ட இடத்தை மலை காக்கின்றது. "மச்சான், இது மலையா, மதிலா?" என்று என் மச்சான் கேட்டான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

பழுதுபார்த்த மதிலிலே வெளிமுகத்தை மட்டுமே பார்க்க முடியும். இடிந்த மதிலிலேயோ அதன் உட்பகுதியைக் காணலாம். வெளியே கற்களை ஒன்றோடொன்று பொருந்த அடுக்கி, உள்ளே மண்ணும் சிறுகல்லும் இட்டு நிரப்பியிருக்கின்றார்கள். ஒவ்வொரு கல்லும் தன் அயற்கல்லின் பாரத்தினாலேயே நிற்கின்றது. ஒன்று விலகினால் மேலுள்ள நான்கு கற்கள் பிடி இழக்கின்றன. ஓரிடத்திலே மதிலின் இடுக்கில் ஓர் ஆலங்கன்று முளைத்து மரமாகியிருந்தது. அதன் வேர்கள் கற்களை வெளியே தள்ள, மதில் வயிறு பருத்ததுபோல் வீங்கி நின்றது. அதற்கு அப்பால் மதிலே இல்லை. சரிவிலே கற்குவியல் மட்டும் கிடந்தது.

யான் அந்த வீங்கிய இடத்திலே கால் வைக்கப் போனபோது முதியவர் கோலை நீட்டித் தடுத்தார். "செடி மொளைச்ச எடத்துல கால் வைக்காதீங்க தம்பி. கல்லு புடிப்பு விட்டிருக்கும். வேரு பூந்த வழியா மழைத் தண்ணி பூந்து உள்ள இருக்கிற மண்ணைக் கரைச்சிடும். அப்புறம் சுவரு தானா விழுந்துடும்" என்றார்.

இந்த வார்த்தைகளை யான் முன்பே கேட்டிருக்கின்றேன். செஞ்சியிலே அல்ல, உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் நமது பெரியோர் வாயிலாகவே கேட்டிருக்கின்றேன். குளக்கட்டிலே மரம் வளர விடாதே, புற்று எழும்ப விடாதே, வேரும் புற்றும் போன வழியே தண்ணீர் போகும், தண்ணீர் போன வழியே கட்டுப் போகும் என்று அவர்கள் சொல்வதில்லையா? செஞ்சியின் ஆட்டிடையருக்கும் படுவான்கரையின் வேளாளருக்கும் இந்த அறிவு ஒன்றாகவே இருக்கின்றது.

உச்சியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. எதிரே இராசகிரி. வடக்கே கிருட்டிணகிரி. நடுவே பெருந்தெருவிலே பஸ்கள் எறும்புகள்போல ஊர்ந்தன. மூன்று மலைகளையும் தொட்டு ஓடும் மதிலின் கோடு சில இடங்களிலே தெளிவாகவும், சில இடங்களிலே காட்டினுள் மறைந்தும் தெரிந்தது. இக்கற்களைச் சுமந்து ஏற்றியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. வெறுங்கையுடன் ஏறுவதற்கே எங்களுக்கு மூச்சு வாங்கியது. கல்லைச் சுமந்துகொண்டு ஏறியவன் என்ன பாடு பட்டிருப்பான்? அவனை நினைத்து யான் அவ்விடத்திலே கைகூப்பினேன். இறங்குவது ஏறுவதிலும் கடினமாக இருந்தது. சில இடங்களிலே இருந்து சறுக்கியே இறங்கினோம். இத்தகைய இடங்களுக்குச் செல்ல விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தனியே போகாதீர்கள், உள்ளூரவர் ஒருவரைக் கேளாமல் போகாதீர்கள், மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், ஒரு கல்லையேனும் புரட்டாதீர்கள்.

நிற்க. இத்தனை வலிய கோட்டை எவ்வாறு பகைவர் கைக்கு மாறியது என்று பார்ப்போம். 1649ஆம் ஆண்டிலே பீசப்பூர்ச் சுல்தானின் படை அதைக் கைப்பற்றியது. அக்காலத்திலே மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களும், அவர்களுக்கு மேலிருந்த விசயநகர மன்னரும் தம்முள்ளே பகைத்துக்கொண்டு, ஒருவரை அடக்க ஒருவர் அந்நியரை அழைத்தார்கள். 1677ஆம் ஆண்டிலே சிவாசி மன்னர் நெடிய முற்றுகை எதுவுமின்றி அதைத் தமதாக்கி, மதில்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் இராசாராம் 1689ஆம் ஆண்டிலே இங்கே வந்து அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டார். எட்டு ஆண்டுகள்! கோட்டை விழுந்தபோது இராசாராம் உள்ளே இல்லை. முன்னரே தப்பிச் சென்றுவிட்டார். முற்றுகையிட்டவருக்கும் முற்றுகைக்கு உட்பட்டவருக்கும் இடையே இரகசியத் தொடர்பு இருந்ததென்று அக்காலத்தவரே ஐயுற்றனர்.

அதன்பின் வந்தவரே நாட்டுப்பாடல் புகழ் கொண்ட இராசா தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் வரிப்பாக்கி கேட்டுப் படையெடுத்தபோது, 1714ஆம் ஆண்டிலே, அவர் சிறு படையுடன் கோட்டையை விட்டு வெளியே வந்து போர் புரிந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு என்பர். அவருடன் சேர்ந்து உயிர்கொடுத்த உற்ற நண்பர் ஒரு முசுலிம் வீரர் என்பதையும், அவ்விருவரின் நட்பைத் தமிழ்நாட்டுக் கிராமத்து மக்கள் இன்றும் போற்றுகின்றனர் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகின்றேன். 1750ஆம் ஆண்டு செப்டெம்பரில் புசி என்னும் பிரெஞ்சுத் தளபதி வாயிலை வெடிவைத்துத் தகர்த்து, இருட்டிலே மலையேறி, விடியுமுன் கோட்டையைப் பிடித்தார். காவற்படை முன்னரே மனம் தளர்ந்திருந்தது. 1761ஆம் ஆண்டு சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. துணையற்று, நோயினாலும் மெலிந்திருந்த செஞ்சிப் பிரெஞ்சுப்படை அவ்வாண்டு ஏப்பிரலில் உடன்பட்டுச் சரணடைந்தது.

இவ்வரலாறு முழுவதிலும் மதில் தன் கடமையிலே தவறவில்லை என்பதைக் காண்பீர்கள். ஒற்றுமையின்மையும், சோர்வும், நோயும், தனிமையுமே கோட்டையைத் திறந்துவிட்டன. வள்ளுவர் சொன்ன எச்சரிக்கை எழுத்துப் பிசகாமல் மெய்யாயிற்று. எட்டாண்டு முற்றுகைக்கு ஈடுகொடுத்த மதிலைப் பறவை எச்சத்திலே விழுந்த ஓர் ஆலம்விதை பிளந்துவிட்டது. பீரங்கி செய்யாததைக் கவனியாமை செய்தது.

செஞ்சியின் கற்கள் வேறு வழியிலும் போயின. புதுச்சேரிக் கடற்கரையிலே காந்தியடிகளின் சிலையைச் சுற்றி நிற்கும் அழகிய கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை. பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பெயர்த்துச் சென்றனர். 2025ஆம் ஆண்டு யூலை மாதத்திலே யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் அரண்கள் பன்னிரண்டை உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை; பன்னிரண்டாவது செஞ்சி. இப்பெருமையினால் இனிப் பணமும் வரும், பழுதுபார்ப்பும் வரும். இங்கேதான் எனக்கு ஓர் அச்சமும் பிறக்கின்றது.

சீனப் பெருஞ்சுவரை எல்லோரும் அறிவீர்கள். அதிலும் செஞ்சியின் சந்திரகிரிபோலப் பழுதுபாராது விட்ட செங்குத்தான பகுதிகள் உண்டு. லியாவ்னிங் மாகாணத்திலே அத்தகைய ஒரு பகுதியைப் பழுதுபார்க்கப் புகுந்தவர்கள், சிதைந்த மேற்பரப்பின்மேல் சாந்தைக் கொட்டி வழவழவென்று ஒரு நடைபாதைபோல் மூடிவிட்டார்கள். 2016ஆம் ஆண்டிலே அதன் படங்கள் வெளிவந்தபோது சீன மக்களே கொதித்தெழுந்தனர். பெய்சிங் நகருக்கு வடக்கே சியான்கோ என்னும் மிகச் செங்குத்தான பகுதியிலோ, கோவேறு கழுதைகளின் முதுகிலே செங்கல்லை ஏற்றிச் சென்று, கீழே விழுந்து கிடந்த பழைய செங்கற்களைத் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே பொருத்தினார்கள். ஒன்று புதுப்பித்தல், மற்றது பேணுதல். 2023ஆம் ஆண்டிலே சான்சி மாகாணத்தில் இருவர் தம் வேலைத்தலத்துக்குக் குறுக்குவழி வேண்டுமென்று மண்தோண்டும் இயந்திரத்தினால் அச்சுவரை உடைத்து வழி அமைத்துக் கைதானார்கள். மங்கோலியப் படையை மறிக்க எழுந்த சுவர் ஒரு குறுக்குவழிக்காக உடைந்தது!

பெரியோர்களே, இனி நம்முடைய ஊருக்கு வருகின்றேன். 1978ஆம் ஆண்டுச் சூறாவளி நமது மாவட்டத்தின் பழைய வீடுகளையும் கோயில்களையும் எவ்வாறு தரைமட்டமாக்கியது என்பதை நீங்கள் கண்ணாற் கண்டவர்கள். அதன்பின் 2009ஆம் ஆண்டுவரை போர். எஞ்சியது கொஞ்சம். அக்கொஞ்சத்தை நாம் என்ன செய்கின்றோம்? ஒரு கோயிலிலே சுவர் வெடித்தால், உடனே முழுவதையும் இடித்துச் சீமெந்தினால் எழுப்பலாம் என்கின்றோம். பழைய மரத்தூணும், பழைய கல்லும், பழைய விளக்கும் மூலையிலே போடப்பட்டு மறைந்து போகின்றன. வைகாசிச் சடங்கிலே படிக்கப்படும் கண்ணகி வழக்குரை ஏடுகள் செல்லரித்து உதிர்கின்றன.

"கோயில் காட்சிச்சாலை அல்ல, கடவுள் குடியிருக்கும் இடம். கூரை ஒழுகினால் பழைமை என்று சொல்லிக்கொண்டு பார்த்திருக்க முடியுமா?" என்று பெரியோர் கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. கோயில் உயிருள்ள இடம். செஞ்சி மதில்போல வெறிச்சோடிக் கிடக்க விடமுடியாது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிசேகம் என்று முன்னோர் தவணை வைத்தது எதற்காக? வெடிப்பு விரலளவாக இருக்கும்போதே அடைப்பதற்காக அல்லவா? அத்தவணையைத் தவறாமல் நடத்தினால், இடிக்கவேண்டிய நிலையே வராது. நாம் முப்பது ஆண்டு பாராமல் இருந்துவிட்டு, பின்னர் ஒரே நாளில் இடித்துவிட்டுத் திருப்பணி என்று பெயர் சூட்டுகின்றோம். திருப்பணி என்பது முதலாவது ஆண்டிலே தொடங்குவது.

இளைஞர்களுள்ளும் சிலர், "வேலைவாய்ப்பும் வருமானமும் தேடும் காலத்திலே கல்லையும் ஏட்டையும் பற்றிக் கவலைப்பட நேரமெங்கே?" என்பார்கள். அவர்களுக்குச் சொல்வேன்: குளக்கட்டைப் பேணத் தெரிந்தவனுக்கே விளைச்சல். அதே பழக்கத்தைச் சற்று விரித்தால் போதும்.

ஆதலின் இம்மன்றத்தின் முன் மூன்று யோசனைகளைப் பணிவுடன் வைக்கின்றேன். முதலாவது, நமது பகுதியிலே ஒவ்வொரு கிராமத்திலும் எஞ்சியுள்ள பழைய கட்டிடம், தூண், ஏடு, வாத்தியம் ஆகியவற்றைப் படம் பிடித்து, அளவெடுத்து, அவற்றைப் பற்றி முதியோர் சொல்வதையும் எழுதி ஒரு பதிவேடு வைத்தல். இடிந்து போனாலும் என்ன இருந்தது என்பதேனும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டாவது, மாரிமழை தொடங்குமுன் புரட்டாதி மாதத்திலே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, கோயிற் சுவரிலும் கூரையிலும் கிணற்றடியிலும் முளைத்த ஆலங்கன்று, அரசங்கன்றுகளை வேர் விடுமுன் அகற்றுதல். பெரிதாக வளர்ந்துவிட்ட மரமாயின், அறிந்தவரைக் கேளாமல் இழுக்கக்கூடாது. மரத்தோடு சுவரும் வந்துவிடும். மூன்றாவது, இடித்துத்தான் ஆகவேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்தால், பழைய கல்லும் மரமும் எங்கே போகும் என்பதையும் அதே கூட்டத்திலே முடிவெடுத்தல்.

இவற்றுள் இரண்டாவதை இவ்வாண்டே தொடங்கலாம். ஒரு கத்தியும் ஓர் ஏணியும் இருபது இளைஞரும் இருந்தால் ஒரு காலைப்பொழுதிலே முடிந்துவிடும். எந்தச் சுவரை முதலில் பார்க்கவேண்டும் என்பதைப் பெரியோர்களே எங்களுக்குக் காட்டித் தரவேண்டும்; அது உங்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டு விழாவிலே எத்தனை சுவர்களைப் பார்த்தோம், எத்தனை ஏடுகளைப் பதிந்தோம் என்ற கணக்கைச் செயலாளர் அவர்கள் இம்மேடையிலே வாசிக்கக் கேட்கும் பாக்கியம் நமக்குக் கிடைக்கவேண்டும் என்று இறைவனை வேண்டுகின்றேன்.